கருங்கரடி வேட்டைக்கு எந்தத் துப்பாக்கி?

வட அமெரிக்கக் காடுகளில் கருங்கரடி வேட்டைக்குப் புறப்படுகிறவன், அவன் செல்லுமிடம் அலாஸ்காவின் கடற்கரையானாலும் மெய்ன் மாநிலத்தின் ஊசியிலைக் காடானாலும், புறப்படுமுன் வெகுநேரம் விவாதிக்கும் விஷயம் ஒன்று உண்டு. எந்த ரைபிள், எந்தக் காலிபர் என்பதே அது. கரடி பல்லும் நகமும் படைத்த பிராணியாதலால், மானுக்குப் போதுமானது அதற்குப் போதாது, துளையும் சக்தியும் மிகுந்த துப்பாக்கியே வேண்டும் என்பதாகவே அந்த விவாதம் பெரும்பாலும் முடிகிறது. இந்த முடிவில் நியாயம் எவ்வளவு, அச்சம் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது அவசியம். ஏனெனில், தவறான தேர்வின் பலனை முதலில் அனுபவிப்பது, குண்டு பட்டும் சாகாமல் புதருக்குள் ஓடி வேதனைப்பட்டு மடிகிற அந்த வாயில்லா ஜீவனே.

கருங்கரடி, தன் இனத்ததாகிய கிரிஸ்லியைப் போலப் பேருருவம் படைத்ததன்று. பெரும்பாலான பிரதேசங்களில் வளர்ந்த ஆண் கரடி 150 கிலோவுக்குள் அடங்கும். பெண் அதனினும் சிறியது. 250 கிலோவை எட்டுவது அபூர்வம். எடையை மட்டும் கருதினால், பெரிய மானை வீழ்த்தும் துப்பாக்கி இதற்கும் போதும் என்று சொல்லிவிடலாம். ஆனால் சரீர அமைப்பில் ஒரு முக்கியமான வேற்றுமை இருக்கிறது. குளிர்கால நித்திரைக்கு ஆயத்தமாகும் இலையுதிர் பருவத்தில் கரடியின் தோலுக்கடியில் கொழுப்பு தடித்துப் படர்கிறது; அதன்மேல் அடர்ந்த ரோமம் மூடியிருக்கிறது. குண்டு துளைத்த வாயைக் கொழுப்பு அடைத்துக்கொள்ள, கசியும் உதிரத்தை ரோமம் உறிஞ்சிக்கொள்ள, மார்பில் நன்றாக அடிபட்ட கரடிகூடத் தரையில் ஒரு சுவடும் விடாமல் நூறு கஜம் ஓடிப் புதரில் மறைந்துவிடக் கூடும். அந்தியில் அந்தப் புதருக்குள் விளக்கோடு நுழைய வேண்டியவர்கள் வேட்டைக்காரனும் அவனுடைய வழிகாட்டியும்தான். அன்றியும், வயிற்றின்கீழ்த் தொங்கும் நீண்ட ரோமம் மார்பின் கீழெல்லை எதுவென்று கண்ணை மயக்குவதால், தாழக் குறிவைத்தவனின் குண்டு ரோமத்தைக் கத்தரித்துக்கொண்டு போய்விடுவதும் உண்டு. இவற்றையெல்லாம் சேர்த்து எண்ணினால் தேர்வுக்குரிய அளவுகோல் தானே விளங்கும். பக்கவாட்டில் நிற்கும் கரடி முன்னங்காலை முன்னே நீட்டியிருக்கும் தருணத்தில், தோளுக்குச் சற்றுப் பின்னே, இரண்டு நுரையீரல்களையும் ஊடுருவி மறுபுறம் வெளியேறும் குண்டு வேண்டும். வெளியேறிய துவாரந்தான் தேடிச் செல்கிறவனுக்கு வழி காட்டுவது.

தேவை இவ்வளவு தெளிவாக இருக்கையில், தோட்டாக் கம்பெனிகள் ‘அடி-பவுண்டு’ என்று அச்சிடும் சக்திக் கணக்கைப் பார்த்துத் துப்பாக்கிகளைத் தரம் பிரிக்கும் வழக்கம் எங்கும் வேரூன்றியிருக்கிறது. ஒரே குண்டு தூரம் செல்லச் செல்ல எவ்வளவு சோர்கிறது என்று அறிய அந்தக் கணக்கு மெய்யாகவே பயன்படும். அதன் சிறப்பு அது. ஆனால் வேகத்தை அதன் வர்க்கத்தாலும் எடையை வெறும் எடையாலும் கணிக்கும் சூத்திரம் அது என்பதை மறந்து, வெவ்வேறு தோட்டாக்களை அதனால் ஒப்பிடத் தொடங்கினால் விபரீதமான முடிவுகளே கிடைக்கும். அமெரிக்க ராணுவம் 1873இல் ஏற்றுக்கொண்ட .45-70 தோட்டா, 405 கிரெயின் எடையுள்ள குண்டை வினாடிக்குச் சுமார் 1,300 அடி வேகத்தில் செலுத்துவது. அதன் சக்தி 1,600 அடி-பவுண்டை எட்டாது. சிறு பிராணிகளைச் சுடுவதற்கென்று ஏற்பட்ட .22-250 தோட்டாவின் 55 கிரெயின் குண்டோ, வேகத்தின் பலத்தால் அந்த எண்ணைத் தாண்டிவிடுகிறது. பட்டியலை நம்பினால் கரடிக்கு இரண்டாவதே மேலானது. கரடியின் தோளெலும்பைக் கண்ட எவனும் அதை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போகமாட்டான்.

சென்ற நூற்றாண்டில் அமெரிக்கத் துப்பாக்கி எழுத்தாளர்களான எல்மர் கீத்தும் ஜாக் ஓ'கானரும் நடத்திய நீண்ட விவாதம் இங்கே நினைவுகூரத் தக்கது. கனத்த குண்டும் பெரிய துளையுமே விலங்கை நிச்சயமாக வீழ்த்தும் என்று கீத் வாதித்தார். 1925இல் வெளிவந்த .270 வின்செஸ்டரைப் போற்றிய ஓ'கானர், மிதமான தோட்டாவைச் சரியான இடத்தில் செலுத்துவதே பிரதானம் என்றார். இருவரும் தங்கள் அனுபவத்திலிருந்து பேசினார்கள். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும், குண்டு எவ்வாறு உருவாக்கப்பட்டிருக்கிறது என்ற கேள்விக்கு அந்த விவாதத்தில் கிடைத்ததைவிட அதிகமான இடம் கிடைத்திருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

அந்தக் கேள்வியின் முக்கியத்துவத்தை ஜான் நாஸ்லரின் அனுபவம் காட்டுகிறது. 1946இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு மூஸ் மானை அவர் சக்திவாய்ந்த .300 மாக்னம் ரைபிளால் சுட்டபோது, வேகமாகச் சென்ற குண்டுகள் மேற்புறத்திலேயே சிதைந்து உள்ளே ஊடுருவாமற்போயின. அதன் விளைவாக அவர் உருவாக்கியதே, ஈயத்தை இரு பகுதிகளாகப் பிரித்து நடுவே உலோகச் சுவர் வைத்த ‘பார்ட்டிஷன்’ குண்டு. 1948இல் அது விற்பனைக்கு வந்தது. முன்பகுதி மலர்ந்தாலும் பின்பகுதி குலையாமல் ஊடுருவிச் செல்லும். இதிலிருந்து, பெரிய துப்பாக்கியை விரும்புகிறவர்கள் கவனிக்கத் தவறும் ஓர் உண்மை வெளிப்படுகிறது. மானுக்கென்று செய்த மென்மையான குண்டை மாக்னம் ரைபிளில் இட்டு முப்பது கஜத்தில் நிற்கும் கரடியின் தோளில் சுட்டால், அது தன் வேகத்தாலேயே உடைந்து நொறுங்கக் கூடும். 1895இல் வந்த .30-30 தோட்டாவின் 170 கிரெயின் குண்டு, வினாடிக்கு 2,200 அடி என்ற தன் நிதானமான வேகத்துக்கென்றே செய்யப்பட்டதாகையால், அதே தூரத்தில் ஆழமாகச் செல்கிறது.

பின்னுதைப்பையும் சொல்லியாக வேண்டும். சாதாரண எடையுள்ள ரைபிளில் .30-30 தோளில் தரும் உதை சுமார் 11 அடி-பவுண்டு; .30-06இல் அது சுமார் 20; .300 வின்செஸ்டர் மாக்னத்தில் 25ஐத் தாண்டும். உதைக்கு அஞ்சும் தோள் விசையை இழுக்கும் கணத்திலேயே குறுகிக் குழலை விலக்கிவிடுகிறது. பழகினால் தாங்கலாம் என்பது மெய்தான். ஆனால் உதை கடுமையாக இருப்பதனாலேயே பலர் பழகுவதில்லை.

இனி, தூரம். அதைச் சட்டமும் நிர்ணயிக்கிறது. இரை வைத்துக் காத்திருக்கும் முறையை 2004, 2014 ஆகிய இரு வாக்கெடுப்புகளிலும் தடைசெய்ய மறுத்த மெய்ன் மாநிலத்தில், கரடி பெரும்பாலும் ஐம்பது கஜத்துக்குள் நிற்கும். அம்முறையை 1992இல் தடுத்த கொலராடோவிலும் 1994இல் தடுத்த ஓரிகனிலும், மலைச்சரிவில் எதிர்ப்புறத்து மேய்ச்சலைத் தூரதிருஷ்டிக் கண்ணாடியால் ஆராய்ந்து, இருநூறு கஜத்துக்கும் அப்பால் சுட நேரலாம். முன்னதற்கு லீவர் ரைபிளும் .30-30உம் குறைவற்ற கருவிகள். பின்னதற்கு அவை போதா. லீவர் ரைபிளின் குழாய் வடிவ அறையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தோட்டாக்கள் நிற்பதால், முன்னதன் வெடிமூடியில் இடிக்காதிருக்க வைத்த தட்டையான முனை காற்றில் விரைவில் வேகம் இழக்கிறது. அங்கே .308 அல்லது .30-06 ஏந்திய போல்ட் ரைபிளே ஏற்றது.

கனத்த துப்பாக்கிக்காரர்களின் வாதத்தில் ஒன்றை நான் முழுமனதோடு ஏற்கிறேன். கிரிஸ்லியும் பழுப்புக் கரடியும் உலவும் அலாஸ்காவில், கருங்கரடியைத் தேடிச் செல்கிறவன் வேறொன்றை எதிர்கொள்ள நேரிடலாம்; ஆகவே அங்கே பெரிய காலிபரை எடுத்துச் செல்வது விவேகமே. மற்ற இடங்களில், உறுதியாகச் செய்யப்பட்ட 165 அல்லது 180 கிரெயின் குண்டோடு கூடிய .30-06க்கு மேற்பட்ட எதுவும் கருங்கரடிக்கு வேண்டியதில்லை. துப்பாக்கிகளைப் பற்றி எழுதுகிறவர்கள், சக்திப் பட்டியலை அச்சிடும் ஒவ்வொரு முறையும் குண்டின் அமைப்பையும் பின்னுதைப்பையும் அதன் பக்கத்திலேயே அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.