சக மதிப்பாய்வும் பொட்டிப்புரம் மலையும்

சக மதிப்பாய்வு என்பது ஓர் ஆய்வுக் கட்டுரையை, அது இதழில் வெளியாகும் முன், அதே துறையைச் சேர்ந்த பிற அறிஞர்கள் படித்துக் குறை நிறைகளைக் கூறும் முறையாகும். தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தை ஒட்டிய மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கத் திட்டமிடப்பட்டது. இம்முறையின் வலிமையும் எல்லையும் அத்திட்டத்தில் தெளிவாகத் தெரிகின்றன.

செயல்படும் விதம்

இதழுக்கு வரும் கட்டுரையைப் பதிப்பாசிரியர் முதலில் பார்வையிடுகிறார். தகுதியானது எனக் கருதினால் துறை வல்லுநர் ஓரிருவருக்கு அனுப்புகிறார். இயற்பியல் இதழ்கள் பலவற்றில் மதிப்பாய்வாளர் யார் என்பது எழுதியவருக்குத் தெரியாது. இருவர் பெயரையும் மறைக்கும் இதழ்களும் உண்டு; பொதுத்தேர்வு விடைத்தாளுக்கு டம்மி எண் இடுவதைப் போன்றது இது. மதிப்பாய்வாளருக்குப் பொதுவாக ஊதியம் கிடையாது. ஏற்பதா, திருத்தச் சொல்வதா, மறுப்பதா என்ற இறுதி முடிவு பதிப்பாசிரியருடையது.

பொட்டிப்புரத்தில் நிறுவ எண்ணிய 50,000 டன் இரும்பு உணர்கருவியால் எவற்றை அளக்க இயலும் என்பதை விளக்கும் நீண்ட கட்டுரை 2015-இல் ஆர்க்சைவ் களஞ்சியத்தில் இடப்பட்டது. பின்னர் 2017-இல் இந்திய அறிவியல் அகாதமியின் 'பிரமாணா' இதழில் வெளியானது.

எல்லை

மதிப்பாய்வாளர் கட்டுரையைப் படிக்கிறார். சோதனையைத் திரும்பச் செய்வதில்லை. 2011-இல் ஐரோப்பாவின் ஓபரா குழு, நியூட்ரினோக்கள் ஒளியை மிஞ்சிய வேகத்தில் சென்றதாக அறிவித்தது. ஒளியிழை வடம் ஒன்று சரியாகப் பொருந்தாததே முக்கியக் காரணம் என்பதை அக்குழுவினரே பின்னர் கண்டறிந்தனர். தாளைப் படிப்பவர் கண்ணுக்கு அந்த வடம் தெரிந்திருக்காது.

விமர்சனம்

நியூட்ரினோவால் உடலுக்குத் தீங்கு நேருமா என்ற அச்சத்துக்கு இயற்பியலில் விடை உண்டு: அவை எப்போதும் நம் உடலைத் தீங்கின்றிக் கடந்து செல்கின்றன. ஆனால் பாறைக்கு வெடி வைத்தால் கிணற்று நீர் என்னவாகும், காடு என்னவாகும் என்பவை வேறு கேள்விகள். 'பிரமாணா' கட்டுரை அவற்றை ஆராய எழுதப்பட்டதன்று. அவற்றுக்கு விடை கூற வேண்டியது சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை.

2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் திட்டத்தின் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. 2018-இல் மத்திய அமைச்சகம் மீண்டும் அனுமதி வழங்கியது. இந்திய நடைமுறையில் இத்தகைய அறிக்கையை எழுதுபவரைத் தேர்ந்து ஊதியம் தருவது திட்டத்தை முன்வைப்பவரே. அரசின் வல்லுநர் குழு அதைப் பரிசீலித்தாலும், இந்தக் குறை நீங்குவதில்லை. ஆய்விதழ் எதுவும் தன் கட்டுரையாளரே மதிப்பாய்வாளரை நியமித்து ஊதியம் தருவதை ஏற்காது.

இதழில் வெளியானதைக் காட்டி மலைக்கு ஆபத்தில்லை எனக் கூறுவது பிழை. சுற்றுச்சூழல் அறிக்கையின் குறையைக் காட்டி இயற்பியலே பொய் என்பதும் பிழை. கம்பம் பள்ளத்தாக்கின் நீரைப் பற்றிய அறிக்கையை, திட்டத்தாரிடம் ஊதியம் பெறாத நிலவியல், நீரியல் அறிஞர்கள் மதிப்பிட்டிருக்க வேண்டும். அவர்கள் கூறிய குறைகளும் தரப்பட்ட விடைகளும் தமிழில் ஊராருக்குக் கிடைத்திருக்க வேண்டும்.