கிரீமில் தெரியும் கை

கேக் அலங்காரம் கற்க வருகிற எல்லோருக்கும் ரோஜாவின் மேல்தான் கண். எனக்குப் பிடித்தது, கேக்கின் அடியைச் சுற்றி ஓடும் சிப்பி வரிசை. நட்சத்திர நாசிலைச் சாய்த்துப் பிடித்து அழுத்தினால் கிரீம் உப்பி எழும். பிடியைத் தளர்த்திக்கொண்டே கீழிறக்கினால் வால் மெலிந்து முடியும். அந்த வாலின் மேல் அடுத்த சிப்பி தலைவைக்கும். வால் முள்ளாக நீண்டிருந்தால், அழுத்தம் நிற்பதற்குள் கையை இழுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். வரிசையை ஒரு சுற்றுப் பார்த்தால் போதும், கை எங்கே தயங்கியது, எங்கே பழகிப்போனது என்று தெரிந்துவிடும். மருதாணி கோன் பிடித்துப் பழகியவர்களுக்கு இது சீக்கிரம் வசப்படும். அங்கேயும் வரைவதைவிட, விடுவதில்தான் வித்தை.

கேக்கைப் போர்த்தும் சர்க்கரை மாவான ஃபாண்டன்ட்டில் இந்தத் தடயம் இல்லை. சப்பாத்திக் கட்டையால் தேய்த்துப் போர்த்திய வழவழப்பு புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும். அதை உரித்துத் தட்டோரம் ஒதுக்குகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

நாசில்களை எண் சொல்லிக் கேட்கும் பழக்கம் இங்கே பரவியதில் வில்டன் பெயருக்குப் பெரும் பங்கு உண்டு. டூவி மெக்கின்லி வில்டன் 1929-ல் சிகாகோவில் கேக் அலங்காரம் கற்பிக்கத் தொடங்கினார். 1எம் என்றால் பெரிய நட்சத்திரம், 104 ரோஜா இதழ், 352 இலை. புதிதாகத் தொடங்குபவர் பெரிய டப்பாவாக நாசில் செட் வாங்கிவிடுவார். முதல் சில மாதங்களுக்கு இந்த மூன்றும் எழுதுவதற்கு ஒரு மெல்லிய நாசிலும் தாராளம். கேக்கும் உடனே வேண்டியதில்லை. எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து அதன் முதுகில் பிழிந்து, வழித்து, மறுபடி பையில் போட்டுக்கொள்ளலாம்.

ரோஜாவில் இரண்டு கைக்கும் வேலை. இடது கை விரல்களுக்கிடையே பூ ஆணி சுழல, வலது கை அதன் தட்டைத் தலையில் இதழ் விரிக்கும். நாசிலின் அகன்ற முனை கீழே, குறுகிய முனை மேலே. நடுவில் ஒரு மொட்டு, சுற்றிலும் மூன்று இதழ், அதற்கு வெளியே ஐந்து, பிறகு ஏழு. வெளிச்சுற்றுக்குப் போகப்போக நாசிலை வெளிப்பக்கம் சாய்க்க வேண்டும். இதை மறந்தால் ரோஜா முட்டைகோஸ் ஆகிவிடும்!

நம் ஊர்க் கோடையில் கையே எதிரி. வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். உள்ளங்கைச் சூடே அதற்குப் போதும். அதனால் பையில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. கிரீம் பளபளத்து வழியத் தொடங்கினால் மல்லுக்கு நிற்காமல் ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். நிறத்துக்கு ஜெல்தான் நல்லது, நீர்த்த கலர் கிரீமை இளக்கிவிடும். கருஞ்சிவப்பு உடனே வரவில்லையே என்று மேலும் மேலும் ஊற்றினால் கசக்கும். சில மணி நேரம் விட்டால் நிறம் தானே ஏறும்.

கோட்டின் மேல் கோடாக அடுக்கி, திரைச்சீலை மடிப்பும் தொங்கலுமாகப் பிழியும் பாணிக்கு லாம்பெத் என்று பெயர். ஜோசப் லாம்பெத் அதைப் பற்றி 1934-ல் நூல் வெளியிட்டார். இப்போது இதய வடிவக் கேக்குகளில் அது மறுபடி வலம்வருகிறது. சிப்பி வரிசை கைவந்தவருக்கு அது எட்டாத உயரமல்ல.

எனக்கு ஓர் ஆசை, கேக்கில் தமிழ் எழுத வேண்டும். பேக்கரியில் ‘ஹேப்பி பர்த்டே’தான் பெரும்பாலும். நம் எழுத்தின் வளைவுகளோ கோனுக்கென்றே பிறந்தவை. நாசிலைக் கேக்கில் உரசாமல் சற்றே தூக்கிப் பிடித்தால், சாக்லேட் இழையாகத் தொங்கும். அதை எழுத்தின் வளைவில் கிடத்திக்கொண்டே போக வேண்டியதுதான். ‘ண’வின் சுழிகள் அடைத்துக்கொள்ளும், ஆகவே எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். புள்ளி சுலபம், ஓர் அழுத்து, ஒரு விடுப்பு. சாக்லேட்டுக்குப் பதில் கிரீமால் எழுதுவதானால், அதில் சேர்ப்பது மிக்ஸியில் அரைத்த சர்க்கரையென்றால் மெல்லிய துணியில் சலித்துக்கொள்ளுங்கள்; ஒரே ஒரு குருணை போதும், ‘வாழ்த்துகள்’ ‘ழ்’ வரைக்கும் வந்து நின்றுவிட.