அமுதசுரபியும் அடுப்புப் புகையும்

பள்ளிக்கூடத்து மதியச் சோற்றைப் பற்றிய நினைவெழுத்து தமிழில் தனி வகைமையாகவே வளர்ந்துவிட்டது. அலுமினியத் தட்டு, வேப்பமரத்தடி வரிசை, மணியடிக்கும் முன்பே வகுப்பறைக்கு வந்துவிடும் சாம்பார் வாசம், கடைசியில் அந்த ருசி இனி வராது என்றொரு பெருமூச்சு. நானும் அப்படியொரு கவிதை எழுதியிருக்கிறேன். இப்போது வாசித்தால் அதில் சோறு இருக்கிறது, வடித்தவர் இல்லை.

இந்தச் சோற்றின் வரலாற்றையும் நாம் இப்படித்தான் சொல்கிறோம். காமராஜரின் மதிய உணவுத் திட்டத்தைப் பேசினால் ஆடு மேய்க்கும் சிறுவனின் கதை வரும். 1982 ஜூலை 1 அன்று தொடங்கிய சத்துணவுத் திட்டத்தைப் பேசினால் எம்.ஜி.ஆரின் இளமை வறுமை வரும். பசித்தவனும் ஆண், பசி தீர்த்தவரும் ஆண். இத்திட்டங்களின் அருமையை நான் குறைக்கவில்லை. அந்தச் சோறு இல்லையென்றால் என் தோழிகள் பலர் மூன்றாம் வகுப்பைத் தாண்டியிருக்க மாட்டார்கள்.

ஆனால் சத்துணவு, பெண்களின் வேலைத் திட்டமும்தான். அமைப்பாளர், சமையலர், உதவியாளர் பணிகளில் கைம்பெண்களுக்கும் கைவிடப்பட்ட பெண்களுக்கும் முன்னுரிமை தரப்பட்டது. தைலமரச் சுள்ளியோடும் ஈர விறகோடும் போராடி, நூறு பிள்ளைகளுக்கு உலை வைத்த அவர்கள், முறையான காலமுறை ஊதியம் கேட்டு இன்றும் தெருவில் நிற்கிறார்கள். 2022இல் வந்த காலை உணவுத் திட்டத்திலும் ஊர்ப்புறங்களில் அடுப்பு மூட்டுவது மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்களே. 'தாயுள்ளம்' என்று நாம் புகழப் புகழ, அது உழைப்பு என்பது மறந்துபோகிறது. தாய்க்கு யார் சம்பளம் தருவார்கள்?

மணிமேகலையின் அமுதசுரபி அள்ள அள்ளக் குறையாதது. அதற்கு விறகு வேண்டாம், புகை இல்லை, கழுவ அண்டா இல்லை. நம் நினைவெழுத்து சத்துணவுக் கூடத்தை அமுதசுரபி ஆக்கிவிடுகிறது. காப்பியத்திலும் ஒரு நிபந்தனை உண்டு: அந்தப் பாத்திரத்தில் முதல் பிச்சை கற்புடைய ஆதிரையின் கையால் விழவேண்டும். சோறிடும் பெண்ணின் கையைச் சோதிப்பது நமக்குப் பழைய வழக்கம். இப்போது சோதிக்கப்படுவது சாதி. 2018இல் அவிநாசி அருகே ஓர் அரசுப் பள்ளியில் பட்டியல் சாதிப் பெண் சமைக்கக் கூடாதென்று பெற்றோர் சிலர் எதிர்த்தார்கள். அவருக்கு இடமாற்றம் வந்தது. கண்டனம் எழுந்த பிறகே அது ரத்தானது. யார் கைச்சோறு என்பதை ஊர் மறப்பதே இல்லை. மறந்துபோவது எழுதுகிற நாம்தான்.

1991இல் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு அறிவொளி இயக்கம் வந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு. ஆலங்குடிப் பக்கத்தில் எங்கள் பள்ளி. சத்துணவு ஆயாவும் மாலையில் அரிக்கேன் விளக்கடியில் எழுத்துக் கூட்டப் போனார். ஒருநாள் எல்லோருக்கும் சோறு போட்டு முடித்ததும், அடுப்புக்கரியால் சுவரில் தன் பெயரை எழுதி, “சரியா இருக்கா பாரு தாயி” என்றார். “ஒரு கால் விட்டுப்போச்சு ஆயா” என்றேன். சிரித்துக்கொண்டே போட்டார்.

நான் திருத்திய அந்தக் கால் நினைவிருக்கிறது. பெயர் நினைவில் இல்லை. போன கோடையில் ஊருக்குப் போய்க் கேட்டேன். “யாரு, சத்துணவு ஆயாவா? அது செத்துப் பல வருசமாச்சே” என்றார்கள். பெயர் கேட்டால் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

என் மாணவியரிடம் இப்போது கேட்பது ஒன்றுதான். ருசியைப் பற்றி எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன், ஆக்கிப் போட்டவர் உயிரோடு இருக்கும்போதே போய் அவர் பெயரைக் கேட்டுவிட்டு வாருங்கள். என்ன சம்பளம் வாங்கினார் என்பதையும் கேளுங்கள்.