நந்தனும் ஆண்டையும்: விக்டோரியா காலத் தமிழிலக்கியத்தில் உழைப்பாளர்

விக்டோரியா அரசியார் காலம் (1837–1901) ஆங்கில நாவல் உழைப்பாளரை நோக்கித் திரும்பிய காலமாகும். எலிசபெத் காஸ்கெல் எழுதிய 'மேரி பார்ட்டன்' (1848) மான்செஸ்டர் ஆலைத் தொழிலாளரையும், டிக்கன்ஸ் எழுதிய 'ஹார்டு டைம்ஸ்' (1854) நெசவாலைத் தொழிலாளி ஒருவனையும் கதைக்குள் நிறுத்தின. அவ்வாட்சியின்கீழ் இருந்த தமிழகத்தில் உழைப்பாளர் எந்நூலில் இடம்பெற்றனர் என்பதே ஈண்டு நாம் ஆராயப்புகும் வினா.

விடை காண முற்படுவோர் முதற்கண் நாவல்களையே நாடுவர். 'பிரதாப முதலியார் சரித்திரம்' (1879), 'கமலாம்பாள் சரித்திரம்' (நூல்வடிவம் 1896), 'பத்மாவதி சரித்திரம்' (1898) ஆகிய மூன்றும் நிலமோ கல்வியோ உடைய குடும்பங்களின் கதைகள். ஏவலரும் உழுவோரும் அவற்றுள் வந்து செல்வரேயன்றி, அவர்தம் வாழ்வு கதைக்கு அடிப்படையாவதில்லை. நாம் தேடும் உழைப்பாளி இந்நாவல்கட்கு முன்னரே, 1860களின் தொடக்கத்தில் அச்சேறிய கோபாலகிருஷ்ண பாரதியாரின் 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை'யில் தோன்றிவிட்டான்.

சேக்கிழார் காட்டும் திருநாளைப்போவார் தம் குலத்தொழிற்குரிய மானிய நிலத்தால் வாழ்பவர். தில்லை செல்ல விழையும் அவரைத் தடுப்பது தம் பிறப்பைப்பற்றிய தயக்கமே; அதனாலேயே 'நாளைப் போவேன்' என்று நாள் கழிக்கின்றார். பாரதியாரோ பெரியபுராணத்தில் இல்லாத வேதியர் என்னும் நிலக்கிழாரைப் படைத்து, நந்தனை அவர்தம் பண்ணையாள் ஆக்குகின்றார். நாளைப் போவேன் என்னும் அதே சொல் இங்குப் புதுப்பொருள் பெறுகின்றது. நாளை என்பது தொண்டரின் தயக்கமன்று. ஆண்டை விடைகொடாமையால் தள்ளிப்போகும் நாள். நாற்பது வேலி நிலத்தின் பணியை முடித்தபின்பே போகலாம் என்னும் கட்டளையில் அந்நாளைய பண்ணை முறையே பேசுகின்றது.

வேதியர் பாத்திரம் அடியவரின் உறுதியைச் சோதிக்கும் கருவியே எனச் சிலர் கூறலாம். சோதனை எவ்வடிவிலும் வந்திருக்கலாம். பாரதியார் தேர்ந்தது வேலையும் விடுப்பும் பற்றிய வழக்கு என்பதே கருதத்தக்கது. அடிமைமுறைக்குச் சட்டத்தின் ஏற்பை நீக்கிய விதி 1843இல் பிறந்தது. எனினும் பிணிப்பு நீங்கவில்லை. பூவிருந்தவல்லியும் அதனையடுத்த கரையான்சாவடியும் அந்நாளில் அடங்கியிருந்த செங்கற்பட்டு மாவட்டத்தின் பறையர் நிலைகுறித்து, ஆட்சியர் திரெமென்கீர் 1891இல் அரசுக்கு அறிக்கை விடுத்தார். குடியிருக்கும் மனையும் நிலமுடையார் கையில் இருந்தமையால், உழைப்பாளர் எதிர்த்துப் பேசவும் இயலாதிருந்தனர் என்பது அதனால் விளங்கும். பாரதியார் பாடியது தஞ்சைப் பகுதியின் பண்ணை. எனினும் அதன் உண்மை தஞ்சையோடு நிற்கவில்லை.

ஆயினும் நூலின் எல்லையையும் நாம் சுட்டுதல் வேண்டும். நாற்பது வேலிப் பணி இறையருளால் ஓரிரவில் முடிகின்றது; வேதியர் மனம் மாறுகின்றார்; நந்தன் தீயில் மூழ்கித் தூயவனாகின்றான். வழக்கு எழுந்தது பண்ணையில். முடிவு வந்தது அற்புதத்தால். நந்தன் ஒருவன் உய்கின்றான். உடனுழைத்தோர் சேரியிலேயே நிற்கின்றனர். இக்குறை தமிழுக்கே உரியதன்று. காஸ்கெல் தம் காதலரைக் கனடாவுக்கு அனுப்பிக் கதையை முடிக்கின்றார்; டிக்கன்ஸ் தம் தொழிலாளியைப் பாழடைந்த சுரங்கக் குழியில் வீழ்த்துகின்றார். தீயும் கடல்கடந்த நாடும் பாழ்ங்குழியும் ஒரே பணியைச் செய்கின்றன: உழைப்பாளியைக் கதையினின்று அகற்றி, அவன் எழுப்பிய வினாவை விடையின்றி விடுகின்றன.

எனவே, விக்டோரியா காலத் தமிழிலக்கியம் உழைப்பாளரை அறியாதிருந்தது எனல் பொருந்தாது. உரைநடை அவர்களை வாயிலில் நிறுத்திய காலத்துக்கு முன்பே இசைப்பாட்டு அவர்களை நடுவீட்டுக்கு அழைத்தது. நாவலைமட்டும் அளவுகோலாகக் கொண்டு அந்நூற்றாண்டை மதிப்பிடும் முறையை ஆய்வாளர் கைவிட்டுக் கீர்த்தனை, சிந்து, கும்மி ஆகியவற்றையும் சமூகச் சான்றுகளாகக் கொள்வாராக. அவ்வாறு கொள்ளுங்கால், அவை சொன்னவற்றோடு சொல்லாது விட்டவற்றையும் கேட்டறிதல் நம் கடனாகும்.