சீப்புருத் தீவானும் கிரேத்தாவின் கண்காணியும்

புது தில்லியில் கோல்ஃப் லிங்க்ஸ் பக்கம் போகிறவர்கள் ஆர்ச்பிஷப் மக்காரியோஸ் பெயரில் ஒரு சாலை இருப்பதைப் பார்த்திருக்கலாம். 1960-இல் விடுதலை பெற்ற சைப்பிரஸ் தீவின் முதல் குடியரசுத் தலைவர் அவர். நேரு காலத்து அணிசேரா இயக்கத்தில் முன்வரிசையில் நின்றவர். அதே சமயம் அந்தத் தீவுத் திருச்சபையின் பேராயரும் அவரே. அந்தப் பேராயர் பீடத்திற்கு ஒரு பழம்பெருமை உண்டு. 431-இல் கூடிய எபேசு சங்கம் அத்திருச்சபையின் தன்னாட்சியை ஏற்றுக்கொண்டது. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் பர்னபாவின் கல்லறை தீவில் கண்டெடுக்கப்பட்டதாகச் செய்தி பரவ, சீனோ பேரரசர் அதை மேலும் உறுதிப்படுத்தினார். சைப்பிரஸ் பேராயர் சிவப்பு மையில் கையெழுத்திடும் உரிமையை இன்றும் அதனோடு சேர்த்தே சொல்வார்கள்.

அந்தப் பர்னபா தமிழுக்குள் எப்படி வந்தார் என்பதே இங்கு நம் ஆய்வு. கூடவே, பக்கத்துத் தீவான கிரேத்தாவின் தீத்துவையும் பார்ப்போம். இருவர் கதையும் விவிலியத்தின் புதிய ஏற்பாட்டில் வருகிறது. 1715-இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு அதைத் தமிழில் அச்சிட்டார். அதன்பின் எத்தனையோ கைகள் திருத்தின. நம் வீடுகளில் பலரும் அறிந்தவை இரண்டு: போவர் தலைமையிலான குழு செய்து 1871-இல் வந்த பழைய மொழிபெயர்ப்பு ஒன்று, 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு மற்றொன்று.

பழையதில் பர்னபா 'சீப்புருதீவான்'. யாழ்ப்பாணத்தான், மதுரையான் என்று சொல்கிற அதே வாய்தான் இப்படிச் சொல்லும். புதியதில் 'சைப்பிரசு தீவைச் சேர்ந்தவர்'. பாஸ்போர்ட்டில் எழுதினாற்போல இருக்கிறது, ஆனால் பிழையில்லை. பர்னபா என்ற பட்டப்பெயரின் பொருளைச் சொல்லுமிடத்தில் மட்டும் எனக்குப் புதியதே பிடிக்கிறது. மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் ஆறுதலையும் குறிக்கும், ஊக்கத்தையும் குறிக்கும். பழையது ஆறுதலை எடுத்துக்கொண்டது, புதியது ஊக்கத்தை. நம்ம பேச்சில் ஆறுதல் என்றால் துக்க வீட்டுச் சமாச்சாரம். பர்னபா செய்ததோ வேறு. சவுலைக் கண்டு எருசலேமில் எல்லாரும் பயந்தபோது, "இவருக்கு நான் பொறுப்பு" என்பதுபோல் கூட்டிப்போய் நிறுத்தியவர் அவர். பிறகு தர்சுவரை தேடிப்போய் அதே சவுலை அந்தியோக்கியாவுக்கு அழைத்துவந்தார். வழியில் விட்டுப்போன மாற்கை மறுபடி சேர்க்கலாமா என்ற சண்டையில், பவுலையே பிரிந்து, மாற்கோடு சொந்தத் தீவுக்குக் கப்பலேறினார். பிணை நிற்கிற குணம் இது.

அந்த மாற்கு பர்னபாவுக்கு என்ன உறவு? கிரேக்கச் சொல் பெற்றோரின் உடன்பிறந்தார் மகனைக் குறிக்கும். தமிழனிடம் சொன்னால் உடனே கேட்பான்: பெரியப்பா மகனா, சித்தி மகனா, மாமன் மகனா, அத்தை மகனா? மூலத்தில் அதற்கு விடை இல்லை. பழையவர்கள் 'இனத்தான்' என்று போட்டுச் சாமர்த்தியமாக நழுவிவிட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பழைய மொழிபெயர்ப்பில் பர்னபா 'அவன்'தான், பவுலும் 'அவன்'தான். 'அவர்' என்ற மரியாதை கடவுளுக்கும் இயேசுவுக்கும் என்று ஒதுக்கிவைத்த மரியாதை. பாட்டிமார்களுக்கு இதில் ஒரு உறுத்தலும் இருந்ததில்லை. நம் பிள்ளைகளுக்கோ, அதுவும் இந்தியில் 'ஆப்' சொல்லிப் பழகிய தில்லிப் பிள்ளைகளுக்கு, ஒரு மாதிரியாக இருக்கிறது. புதியது இவர்களையும் 'அவர்' ஆக்கிவிட்டது. செய்தது சரியே.

இனித் தீத்து. யூதர் அல்லர், கிரேக்கர். பவுல் அவரைக் கிரேத்தாவில் விட்டுப்போனது ஊர்தோறும் மூப்பரை ஏற்படுத்த. தலைவனாக வருகிறவன் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதும் இடத்தில் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் இட்ட சொல் 'கண்காணி'. மூலச்சொல்லின் பொருள் மேலிருந்து பார்ப்பவர் என்பது. கண்ணும் காண்பதும் சேர்ந்த நம் சொல் அதற்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. திருமூலர் இறைவனையே கண்காணி என்கிறார். சோழர் கல்வெட்டுகளில் கோயில் காரியம் பார்ப்போரிடையே ஸ்ரீகாரியக் கண்காணி வருகிறார். ஆக, கோயிலுக்குப் புதிய சொல் அல்ல. கண்காணியைத் தொடர்ந்து அங்கேயே 'உக்கிராணக்காரன்' என்றும் ஒரு சொல் வருகிறது. கல்யாண வீட்டில் உக்கிராண அறைச் சாவி யாரிடம் என்று பார்த்தவர்களுக்கு அதன் கனம் புரியும்: சாமான் தன்னுடையதல்ல, கணக்கு மட்டும் தன்னுடையது.

ஆனால் அதே பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்காணி வேறொரு ஆளாகவும் ஆனான். இலங்கைத் தேயிலைக்கும் மலாயாத் தோட்டங்களுக்கும் ஆள் பிடித்துக் கொண்டுபோனவன், முன்பணக் கடனில் கட்டிவைத்தவன். மலையகத்துத் தமிழர் காதில் அந்தச் சொல் எப்படி விழுந்திருக்கும்! புதிய மொழிபெயர்ப்பு 'சபைக் கண்காணிப்பாளர்' என்று மாற்றிக்கொண்டது. கறை போயிற்று, கூடவே காரமும் போயிற்று. இப்போது அது அரசு அலுவலகத்து மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. திருச்சபைகளோ இரண்டையும் விட்டு மேற்றிராணியார், அத்தியட்சர், ஆயர், பேராயர் என்று வேறு வழி போய்விட்டன. என் கட்சி பழைய கண்காணிதான். தோட்டத்துக் கொடுமைக்குச் சொல் என்ன செய்யும்?

தீத்துவின் வேலை நிரந்தரமும் அல்ல. அர்த்தெமாவையோ தீகிக்குவையோ அனுப்புகிறேன், வந்ததும் நிக்கொப்போலிக்குப் புறப்பட்டு வா என்று கடித முடிவிலேயே மாற்றல் உத்தரவு இருக்கிறது. மாற்றலில் தில்லிக்கு வந்த குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தீத்து மறுபடி தீவுக்கே வந்து அங்கேயே இறந்தார் என்பது கிரேத்தா மரபு. அவருடையதென்று போற்றப்பட்ட தலை, 1669-இல் தீவு துருக்கியர் கைக்குப் போனபோது வெனிஸுக்குப் போயிற்று. 1966-இல்தான் இராக்ளியோனுக்குத் திரும்பியது.