கல் இல்லாத சிப்பாய்கள்

"எங்க தாத்தா பர்மா சண்டைக்குப் போனவரு. எங்கே அடக்கம் பண்ணாங்களோ தெரியாது." பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய குடும்பங்களில், இங்கே சேலம் அஸ்தம்பட்டியிலும் சரி, யாழ்ப்பாணத்திலும் சரி, தேடல் பெரும்பாலும் இந்த ஒரு வரியோடு நின்றுவிடுகிறது. அப்படி நிற்க வேண்டியதில்லை. ஆனால் தேடும் வழி இரு நாட்டிலும் ஒன்றல்ல.

வெள்ளைக்காரச் சிப்பாயின் வாரிசுக்கு அச்சிட்ட நூலே கைகொடுக்கிறது. சென்னை மாகாணத்துக் கல்லறை எழுத்துகளை ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905இல் தொகுத்தார். இலங்கைக்கு ஜே. பென்றி லூயிஸ் 1913இல் அதைச் செய்தார். லூயிஸ் கூடுதலாக ஒன்று செய்தார்: கல் நடப்படாமல் போனவர்களுக்கும் தன் நூலில் இடம் ஒதுக்கினார். எனக்கு அந்த மனிதர்மேல் மரியாதை வந்தது அதனால்தான். ஆனாலும் நம் ஊர்ச் சிப்பாய்களை இரு நூலிலும் தேடிப் பயனில்லை.

காகிதங்களும் பிரிந்து கிடக்கின்றன. சேலம் 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தது. சென்னைப் படையின் ஆள் பட்டியல்களும் மாகாணத்து அடக்கப் பதிவுகளின் பிரதிகளும் லண்டனுக்குப் போயின. இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. இலங்கையோ 1802இல் அரசரின் நேரடிக் குடியேற்ற நாடானது. அதன் அலுவல் கடிதங்கள் லண்டன் கியூ ஆவணக் காப்பகத்தில். ஆனால் 1795இல் திருகோணமலையைப் பிடிக்கப் போனது சென்னையிலிருந்து கிளம்பிய படை. அங்கே மாண்டவரைச் சென்னைப் படையின் ஏடுகளில்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கல்லறைகளுக்கு நேர்ந்ததும் வேறுவேறு. கண்டியில் தலதா மாளிகைக்குப் பின்புறமுள்ள பழைய காவற்படைக் கல்லறைத் தோட்டம், 1824இல் இறந்த பிரிட்டிஷ் அதிகாரி ஜான் டொய்லியின் சமாதி உட்பட, இருந்த இடத்திலேயே செப்பனிடப்பட்டது. இந்தியாவில் இரண்டாம் உலகப் போர்க் கல்லறைகளில் பராமரிக்க முடியாதவற்றைப் பல ஊர்களிலிருந்து பெயர்த்துச் சென்னை நந்தம்பாக்கத்தில் 1952இல் அமைத்த இடுகாட்டில் சேர்த்தார்கள். பழைய கடிதத்தில் ஓர் ஊரின் பெயர் இருக்கும். உடல் இன்று நந்தம்பாக்கத்தில் இருக்கலாம்.

எரிக்கப்பட்டவருக்குக் கல்லறை இல்லை, பெயர் மட்டுமே. பர்மாவில் மாண்டு கல்லறை அறியப்படாத சுமார் 27,000 பேரின் பெயர்கள் யாங்கோன் அருகே தௌக்கியான் நினைவிடத்தில் உள்ளன. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவில் பல பெயர்களோடு தகப்பன் பெயரும் ஊரும் சேர்ந்தே வரும். ஆங்கிலத்தில் எழுத்து மாறிப்போன பெயர்களுக்கு இடையே நம்மவரை அடையாளம் காட்டுவது அந்த ஊர்ப்பெயர்தான். பெட்டியடியில் மெடல் கிடந்தால் அதன் விளிம்பைத் துடைத்துப் பாருங்கள். படை எண்ணும் பெயரும் பிரிவும் அங்கே பொறித்திருக்கக் கூடும்.

இலங்கையின் வடக்கு கிழக்கில் இந்த ஒப்பீடு கனத்துப் போகிறது. அங்கே பிள்ளையைப் புதைத்த இடம் தாய்க்குத் தெரியும், கல்தான் இல்லை. விடுதலைப் புலிகளின் துயிலுமில்லங்கள் என்ற கல்லறைத் தோட்டங்கள் போருக்குப் பின் இடித்துத் தள்ளப்பட்டன. கோப்பாயில் அதே நிலத்தில் ராணுவ முகாம் எழுந்தது. ஆண்டுதோறும் நினைவு நாளான நவம்பர் 27 அன்று உறவினர்கள் முடிந்தவரை அருகில் போய் விளக்கேற்றுகிறார்கள். 1987 முதல் 1990 வரை அங்கே மடிந்த இந்திய அமைதிப்படையினருக்கோ கொழும்பை அடுத்த கோட்டே நகரில் பெயர் பொறித்த நினைவுச்சுவர் நிற்கிறது. எந்தப் பக்கம் நின்று மாண்டாலும் தாய்க்கு ஒரு கல்லைக் கொடுத்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

முதல் உலகப் போரில் மாண்ட ஆசிய, ஆப்பிரிக்கப் படையினரில் 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை என்று போர்க் கல்லறை ஆணையமே 2021இல் ஒப்புக்கொண்டது. விடுபட்ட பெயரைச் சான்றோடு அனுப்பினால் சேர்க்கும் நடைமுறையும் அதனிடம் உண்டு. பென்ஷன் தாள், படையிலிருந்து வந்த சாவுச் செய்தி, இறந்த தேதி தெரியும் எந்தக் காகிதமானாலும் அதைப் பிரதியெடுத்து அனுப்பலாம்.