துள்ளும் பந்தும் யதார்த்தமும்

துள்ளும் பந்தொன்றைப் படம்பிடித்து, அதனைச் சட்டகம் சட்டகமாக ஆராய்ந்து வரைதல், காட்டூன் படக்கலை பயில்வோர்க்குரிய தொடக்கப் பயிற்சிகளுள் ஒன்றாகும். மேலோட்டமாக நோக்குமிடத்து இது வெறும் தொழில்நுட்ப விடயமே. ஆயினும், கண்டதைக் கண்டவாறே பதியும் இயற்பண்புவாதத்துக்கும் யதார்த்தவாதத்துக்குமிடையே எமது விமர்சகர்கள் வற்புறுத்திவந்த வேறுபாடு இங்கு தெளிவாகப் புலப்படுகின்றது.

ஒரு மீற்றர் உயரத்திலிருந்து விடப்படும் பந்து நிலத்தை அடைய ஏறத்தாழ 0.45 விநாடி செல்லும். விநாடிக்கு 24 சட்டகங்கள் என்ற கணக்கில் அது 11 சட்டகங்கள். அக்காலத்தின் முற்பாதியில் பந்து கடப்பது 25 சென்ரிமீற்றர் மாத்திரமே. எஞ்சிய 75 சென்ரிமீற்றரும் பிற்பாதிக்குரியன. உச்சியில் நெருங்கியும் நிலத்தருகே விலகியும் அமையும் இவ்விடைவெளிகளே வீழ்ச்சியை நம்பவைக்கின்றன. இதனைக் கற்பிப்பதில் கமெராவை விஞ்சிய ஆசான் இல்லை.

ஆனால், பந்து நிலத்தைத் தொடும் கணத்தில் இவ்வாசான் மௌனமாகிவிடுகின்றான். ரெனிஸ் பந்து நிலத்தோடு ஒட்டியிருப்பது சில மில்லிவிநாடிகளே. ஒரு சட்டகத்திலிருந்து அடுத்ததற்குச் செல்லும் காலமோ ஏறத்தாழ 42 மில்லிவிநாடி. ஆதலால் மோதற்கணம் பெரும்பாலும் பதிவாவதேயில்லை. ஓவியன் அதனைத் தானே படைக்கின்றான். பந்தை நசுக்கி அகலமாக்கும்போதும் அதன் கனவளவு குன்றாது காக்கின்றான். விழும் பந்தை அவன் நீட்டியும் வரைகின்றான். இயற்கையில் அது நீள்வதில்லை. பிலிமிற் படியும் மங்கலையே அவன் வடிவமாக்கிக்கொள்கின்றான். கமெரா காணாததையும் பிழைபடக் கண்டதையும் கொண்டே பார்வையாளனுக்குப் பந்தின் மென்மை உணர்த்தப்படுகின்றது.

மனித உருவத்தை வரையும்போது இச்சிக்கல் மேலும் கூர்மையடைகின்றது. டிஸ்னி நிறுவனத்தின் ‘ஸ்னோ வைற்’ (1937) படத்துக்காக நடிகர்கள் முன்கூட்டியே படம்பிடிக்கப்பட்டனர். அப்பதிவை நெருங்கித் தழுவிய இளவரசன் விறைத்து நிற்க, மிகைப்படுத்தி வரையப்பட்ட குள்ளர் எழுவரும் உயிரோடு உலவுகின்றனர். படச்சட்டங்களை அடியொற்றி வரைந்தபோது உருவங்கள் விறைத்துப்போயின என்பதை, அந்நிறுவனத்து ஓவியர்களான பிராங்க் தோமஸும் ஒலி ஜோன்ஸ்ரனும் 1981 இல் வெளியிட்ட நூலில் ஒப்புக்கொள்கின்றனர்.

இதனாற் படியெடுத்தலையே சோம்பேறிகளின் வழியெனச் சிலர் ஒதுக்குவர். அது பொருந்தாது. படச்சட்டங்களின்மேல் வரைய உதவும் றோட்டோஸ்கோப் கருவிக்கு 1917 இல் காப்புரிமை பெற்ற மக்ஸ் பிளெய்ஷர், தம் தம்பி டேவ் கோமாளி உடையில் ஆடியதைப் படியெடுத்தே கோக்கோ என்னும் பாத்திரத்தை ஆக்கினார். கோக்கோ நடப்பதும் ஆடுவதும் டேவைப் போலவேதான். ஆனால் அவன் மைக்கூட்டிலிருந்து ஊறி எழுவதையும், மீண்டும் அதனுள்ளே வழிந்து மறைவதையும் எந்தக் கமெராவுக்கு முன்னும் எவரும் ஆடிக் காட்டியிருக்க முடியாது.